பூச்சி மாத்திரைக்கு ஒரு நாள் உண்டு, மதிய ஊசிக்கு ஓர் இடம் உண்டா?

குடற்புழு நீக்க நாளன்று ஏதாவது ஓர் அரசுப் பள்ளிக்குப் போய்ப் பாருங்கள். மதிய உணவு முடிந்து கைகழுவி வந்த பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். வகுப்பாசிரியரின் மேசையில் மாத்திரை டப்பா, பக்கத்தில் பதிவேடு, தரையில் ஒரு குடம் தண்ணீர். "வாயைத் திற. நன்றாக மென்று விழுங்கு. எங்கே, நாக்கைக் காட்டு" என்று ஒவ்வொரு பிள்ளையாக வரிசை நகரும். நாக்கைக் காட்டினால்தான் பதிவேட்டில் டிக் விழும். கடைசி வரிசையில் ஒருவன் மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு நழுவப் பார்ப்பான். டீச்சர் அதையும் கண்டுபிடித்துவிடுவார். அரை மணி நேரத்தில் ஒரு வகுப்பு முடிந்துவிடும்.

நாடு முழுவதும் கோடிக்கணக்கான குழந்தைகளுக்கு ஒரே நாளில் ஒரே மாத்திரை போய்ச் சேருவது சாதாரண வேலை இல்லை. மாவட்டக் கிடங்கிலிருந்து ஆரம்ப சுகாதார நிலையம், அங்கிருந்து கிராம சுகாதார செவிலியர், அவரிடமிருந்து பள்ளியின் பொறுப்பாசிரியர், அவரிடமிருந்து பிள்ளையின் நாக்கு வரை அந்தச் சங்கிலி அறுபடாமல் ஓடுகிறது. நான் அதை மதிக்கிறேன்.

அதே பள்ளியில், அதே வகுப்பில், தினமும் மதியம் பன்னிரண்டரைக்கு இன்சுலின் போட்டுக்கொள்ள வேண்டிய ஒரு பிள்ளை இருந்தால் அந்தச் சங்கிலியில் அவளுக்கு ஒரு கண்ணிகூட இல்லை. எல்லோருக்கும் ஒரே மருந்தைக் கொடுக்க நம் பள்ளிகள் பழகிவிட்டன. ஒரு பிள்ளைக்கு அவளுடைய மருந்தைக் கொடுக்க இன்னும் பழகவில்லை. ஏன் இப்படி ஆனது, மாற்றுவதற்கு என்ன வேண்டும் என்பதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

என் அக்கா மகளுக்கு ஒன்பது வயதில், உடம்பில் இன்சுலின் சுரக்காமல் போகும் முதல் வகை நீரிழிவு கண்டுபிடிக்கப்பட்டது. மூன்று வேளை சாப்பாட்டுக்கு முன் மூன்று ஊசி, இரவில் ஓர் ஊசி. காலையும் இரவும் வீட்டில் நடந்துவிடும். மதிய ஊசிதான் சிக்கல். "பள்ளியில் ஊசியெல்லாம் வேண்டாம் அம்மா, ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது?" என்று தலைமை ஆசிரியை கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லிவிட்டார். அவர் கெட்டவர் இல்லை, உண்மையாகவே பயந்திருந்தார். அதனால் அக்கா தினமும் பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடித்துப் பள்ளிக்குப் போய், வாசலில் வாட்ச்மேன் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்து மகளுக்கு ஊசி போட்டுவிட்டுத் திரும்புவார். வேலை பார்த்த தையல் கூடத்தில் இரண்டு மாதம் பொறுத்துக்கொண்டார்கள். மூன்றாவது மாதம் வேலை போயிற்று. அக்காவுக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் குழந்தை தானே கழிப்பறைக்குள் போய் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. பேனா வடிவில் இருக்கும் பென் ஊசியை எங்கே வைப்பது என்று தெரியாமல் வாயில் கவ்விக்கொண்டு சட்டையைத் தூக்கியதாகச் சொன்னாள். கழிப்பறையின் ஈரத் தரையில் அதை வைக்கக்கூடாது என்று அந்த வயதிலேயே அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

<b>பரிசோதனையில் பிறந்த பழக்கம்</b>

பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் இந்தியாவில் உறவு தொடங்கியது 1909-இல், பரோடாவில். பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி மருத்துவர் பார்த்த முதல் ஏற்பாடு அதுதான் என்று பொதுச் சுகாதாரப் பாடநூல்கள் சொல்லும். 1946-இல் வந்த, ஜோசப் போர் என்பவர் தலைமையிலான சுகாதாரக் குழுவின் அறிக்கை, பள்ளி சுகாதாரப் பணி என்ற ஒன்று நாட்டில் கிட்டத்தட்ட இல்லை என்று எழுதியது. 1960-இல் பள்ளி சுகாதாரத்துக்கென்றே ஒரு குழு அமைத்து மறு ஆண்டு அறிக்கையும் வாங்கினார்கள். இன்று நடைமுறையில் இருப்பது 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம். நடமாடும் மருத்துவக் குழு ஒன்று வேனில் வந்து கண், காது, பல், தோல், இதயம் என்று பார்த்து, குறை தெரிந்தால் மேல் சிகிச்சைக்கு எழுதிக் கொடுக்கும். பள்ளிக்கு ஆண்டுக்கு ஒருமுறை வருகை.

இதில் ஓர் ஒழுங்கு இருப்பதைப் பாருங்கள். தொடக்கம் முதல் இன்று வரை பள்ளி என்பது குழந்தைகள் ஒரே இடத்தில் மொத்தமாகக் கிடைக்கும் இடம். மருத்துவத் துறை வந்து பார்த்துவிட்டு, கொடுத்துவிட்டுப் போகும். வேன் போன பிறகு வரும் 200-க்கும் மேற்பட்ட நாட்களில் அந்தக் கட்டடத்துக்குள் குழந்தையின் உடம்புக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி எழவே இல்லை. அரசுப் பள்ளியில் செவிலியர் என்ற பதவி கிடையாது. ஒரு முதலுதவிப் பெட்டி இருக்கும், பெரும்பாலும் தலைமை ஆசிரியர் அறைப் பீரோவின் மேல். அதில் பஞ்சு, டிஞ்சர், தேதி கடந்த ஒரு களிம்பு.

மொத்தமாகக் கொடுப்பதில் தமிழ்நாட்டுக்குக் கூடுதல் வசதியும் இருந்தது: சத்துணவு. காமராசர் காலத்தில் 1956-இல் வந்த மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் விரிந்த சத்துணவுத் திட்டமும் குழந்தைகளைக் குறித்த நேரத்தில் தட்டின் முன் உட்கார வைத்தன. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும் இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்க இதைவிடப் பொருத்தமான இடம் எங்கே கிடைக்கும்?

<b>நீல மாத்திரையும் ஒரு மரணமும்</b>

குடற்புழு நீக்க நாள் தேசிய அளவில் 2015 பிப்ரவரி 10-இல் தொடங்கியது. இப்போது பெரும்பாலும் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் என ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. கொடுப்பது அல்பெண்டசோல் 400 மில்லிகிராம். ஒன்று முதல் இரண்டு வயது வரை அரை மாத்திரை, அதற்கு மேல் 19 வயது வரை முழு மாத்திரை. மண்ணிலிருந்து தொற்றும் உருளைப்புழு, சாட்டைப்புழு, கொக்கிப்புழு மூன்றையும் அது கொல்லும். கொக்கிப்புழு குடல் சுவரில் தொற்றிக்கொண்டு இரத்தம் குடிக்கிறது. வெறுங்காலோடு வயலில் நடக்கும் பிள்ளைக்கு இரத்தச்சோகை வருவதற்கு அதுவும் ஒரு காரணம். மாத்திரை போட்டபின் சிலருக்கு வயிறு வலிக்கும், ஒன்றிரண்டு பேர் வாந்தி எடுப்பார்கள். புழு அதிகம் இருந்த பிள்ளைகளுக்குத்தான் பெரும்பாலும் அப்படி ஆகும். இதைப் பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லாத ஊர்களில், ஒரு பிள்ளை வாந்தி எடுத்ததும் வகுப்பே வயிற்றைப் பிடித்துக்கொள்ளும், வாசலில் ஆட்டோக்கள் குவியும். அன்று உடல்நலம் சரியில்லாத பிள்ளைக்கும், வேறு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைக்கும் கொடுக்கக்கூடாது என்பது விதி. யார் வேறு மருந்து சாப்பிடுகிறார்கள் என்று ஆசிரியருக்கு எப்படித் தெரியும்? அந்த விவரம் எழுதிவைத்த ஒரு தாள்கூடப் பல பள்ளிகளில் கிடையாது.

வாராந்திர இரும்புச்சத்து மாத்திரை 2013-இல் வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை வாரம் ஒன்று. 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட நீல மாத்திரை. 5 முதல் 9 வயதுக்கு, அளவு குறைந்த இளஞ்சிவப்பு மாத்திரை. தேவை இல்லாத திட்டம் என்று யாரும் சொல்ல முடியாது. 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு இரத்தச்சோகை இருந்தது.

ஆனால் பளபளவென்று இனிப்பு மிட்டாய் போலிருக்கும் அந்த நீல மாத்திரை, அளவு மீறினால் விஷம். 2023 மார்ச்சில் உதகமண்டலத்தில் ஒரு நகராட்சிப் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் யார் அதிகம் சாப்பிடுவது என்று போட்டி போட்டு இந்த மாத்திரைகளை விழுங்கினார்கள். 13 வயது மாணவி ஒருத்தி இறந்துபோனாள். "சத்து மாத்திரை" என்று நாம் சொல்லிக் கொடுத்த பெயரில் ஆபத்தின் வாசனையே இல்லை என்பதை அந்த மரணத்துக்குப் பிறகுதான் பலர் உணர்ந்தார்கள்.

இரும்பு நஞ்சின் போக்கு ஏமாற்றுவது. அதை ஒவ்வோர் ஆசிரியரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். முதல் சில மணி நேரம் வாந்தி, வயிற்றுப்போக்கு, சில நேரம் இரத்தத்தோடு. பிறகு அது நின்றுவிடும். குழந்தை எழுந்து உட்காரும், தண்ணீர் கேட்கும். "சரியாகிவிட்டது, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்" என்று தோன்றும். அந்த நேரத்தில்தான் இரும்பு கல்லீரலுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. ஓரிரு நாளில் கல்லீரல் செயலிழக்கலாம். இரும்பைப் பிடித்து வெளியேற்றும் டெஃபெராக்சமின் என்ற முறிமருந்து உண்டு, ஆனால் அதை நேரத்தோடு மருத்துவமனையில் கொடுக்க வேண்டும். ஆகவே ஒரு பிள்ளை ஒன்றுக்கு மேல் எத்தனை விழுங்கியது என்று தெரியாத நிலையில், வாந்தி நின்றதா இல்லையா என்று பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது. காலியான அட்டையையும் எடுத்துக்கொண்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அந்த நிகழ்வுக்குப் பிறகு நடவடிக்கை ஆசிரியர்கள் மீது பாய்ந்தது. பாயட்டும், பூட்டாத பீரோவுக்கு யாரோ ஒருவர் பொறுப்புதான். ஆனால் மருந்தைக் கையாளும் பயிற்சி இல்லாமல், பாடம் நடத்தி, கல்வித் துறையின் எமிஸ் செயலியில் மாணவர் விவரம் ஏற்றி, சத்துணவுக் கணக்குப் பார்த்து, அதற்கு நடுவே மாத்திரையையும் கொடுக்கச் சொல்கிறோம். மருந்தகத்தில் மருந்து எடுத்துக் கொடுப்பதற்கே படிப்பும் பதிவும் வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டு மருந்தாளுநர் சட்டம் சொல்கிற நாடு இது.

<b>ஒருத்திக்கு மட்டும்</b>

தனிப்பட்ட மருந்து என்று வரும்போது எல்லா நோயும் பள்ளியின் கதவைத் தட்டுவதில்லை. மருத்துவர் கொஞ்சம் யோசித்து எழுதினால் பாதிச் சிக்கல் சீட்டிலேயே தீர்ந்துவிடும். மூன்று வேளை அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் என்றால் காலையில் புறப்படும் முன், மாலையில் வந்ததும், படுக்கப் போகும்போது என்று பிரித்துக்கொள்ளலாம். வலிப்பு மருந்துகளில் பெரும்பாலானவை காலையும் இரவும்தான். "மதியம் ஒன்று" என்று சீட்டில் இருந்தால், "டாக்டர், இதைப் பள்ளி நேரத்தில் வராதபடி மாற்ற முடியுமா?" என்று கேட்கப் பெற்றோர் தயங்க வேண்டியதில்லை.

மாற்ற முடியாதவை சில உண்டு. அவற்றில் முதலிடம் இன்சுலினுக்கு. உலகில் முதன்முதலாக இன்சுலின் ஏற்றிக்கொண்டவன், 1922 ஜனவரியில் டொராண்டோ மருத்துவமனையில் கிடந்த 14 வயதுச் சிறுவன். அதற்கு முன் இந்த நோய் வந்த குழந்தை பள்ளிக்குத் திரும்பியதே இல்லை. இன்று முதல் வகை நீரிழிவுள்ள குழந்தைகளும் வளரிளம் பருவத்தினரும் எண்ணிக்கையில் அதிகம் வாழும் நாடு இந்தியா என்று சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் 2021 கணக்கு சொல்கிறது, இரண்டு இலட்சத்துக்கும் மேல்.

இன்சுலினில் நேரம்தான் எல்லாம். அரசு மருத்துவமனைகளில் பல குழந்தைகளுக்குக் கிடைப்பது கலவை இன்சுலின், காலை ஒன்று, மாலை ஒன்று. காலை ஏழரைக்குப் போட்டது நண்பகலை ஒட்டி வேகமெடுக்கும். அந்த நேரத்தில் வயிற்றில் சோறு இருந்தாக வேண்டும். மணி அடித்தும் "இந்த ஒரு கணக்கை முடித்துவிட்டுப் போங்கள்" என்று ஆசிரியர் இருபது நிமிடம் நிறுத்திவைத்தால், மற்ற பிள்ளைகளுக்குப் பசிக்கும், இந்தப் பிள்ளைக்குச் சர்க்கரை இறங்கும். இடைவேளையில் இரண்டு பிஸ்கட் தின்ன விடாமல் "வகுப்பில் என்ன வாய் அசைகிறது?" என்று அதட்டினாலும் அதே கதைதான். சாப்பாட்டுக்குச் சற்று முன் போடும் வேக இன்சுலின் எடுக்கும் பிள்ளைக்கு மதிய ஊசி பள்ளியில்தான். 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் ஒன்று முதல் ஐந்து வரை படிக்கும் பிள்ளைகள் காலையும் பள்ளியில் சாப்பிடுகிறார்கள். அப்படியானால் அந்தப் பிள்ளைக்குக் காலை ஊசியும் பள்ளியில்தான் போட வேண்டும். வீட்டில் போட்டுவிட்டு, பள்ளியில் உப்புமா எத்தனை மணிக்கு வரும் என்று காத்திருக்க முடியாது. நல்ல திட்டம் ஒன்று புதிதாக ஒரு தேவையை உண்டாக்கியிருக்கிறது. அதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

சர்க்கரை இறங்கும்போது குழந்தை எப்படி இருக்கும்? நெற்றி வியர்க்கும், கை நடுங்கும், பென்சில் எழுத்து கோணலாகும். நன்றாகப் படிக்கும் பிள்ளை கேள்விக்குப் பதில் சொல்லாமல் வெறித்துப் பார்க்கும், காரணமில்லாமல் அழும், எரிந்து விழும். இதை "திமிர்" என்று எடுத்துக்கொண்டு வெளியே நிற்க வைத்த ஆசிரியரைப் பற்றி எந்த நீரிழிவுக் குழந்தையின் அம்மாவிடம் கேட்டாலும் ஒரு கதை கிடைக்கும். செய்ய வேண்டியது எளிது: மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்து, கால் மணி நேரம் பக்கத்தில் இருப்பது. இன்னும் தெளியவில்லை என்றால் மறுபடியும் அதே அளவு. தனியாக வீட்டுக்கோ கழிப்பறைக்கோ அனுப்பவே கூடாது. மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழைக்க வேண்டும். அந்த நேரத்தில் "சுகர் பிள்ளையாயிற்றே" என்று யாரும் இன்சுலினை எடுத்துவிடக்கூடாது. அது சர்க்கரையை இன்னும் கீழே இறக்கிவிடும், எரியும் தீயில் எண்ணெய்.

மருந்தை எங்கே வைப்பது என்பதும் நம் ஊர் வெயிலில் சின்ன விஷயமில்லை. பயன்படுத்தத் தொடங்கிய இன்சுலின் 30 டிகிரியைத் தாண்டாத இடத்தில் ஏறக்குறைய நான்கு வாரம் கெடாமல் இருக்கும். ஏப்ரல் மாதத்துத் தகரக் கூரை வகுப்பில் 30 டிகிரி என்பது கனவு. பள்ளியில் குளிர்சாதனப் பெட்டி இல்லை என்றால், பெரிய மண்பானையில் ஈரமணல் பரப்பி அதற்குள் சின்னப் பானை வைத்து, அதில் மருந்தை வைக்கலாம். மருத்துவர்கள் ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடுதான் இது. நம் பாட்டிமார் தயிரைப் புளிக்காமல் காத்த அதே அறிவு.

வீசிங் உள்ள பிள்ளைக்கு வேண்டியது இன்னும் எளிது, ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும். நீல நிற சால்பியூட்டமால் இன்ஹேலரைப் "பத்திரமாக இருக்கட்டும்" என்று தலைமை ஆசிரியர் பீரோவில் பூட்டிவைப்பதுதான் நான் அதிகம் கேள்விப்படும் தவறு. பி.டி. பீரியடில் ஓடி மூச்சு இழுக்கும்போது மைதானத்திலிருந்து பீரோவுக்குப் போய், சாவி யாரிடம் என்று தேடி வருவதற்குள் நெஞ்சு இறுகிவிடும். இரும்பு மாத்திரைக்குப் பூட்டு வேண்டும், இன்ஹேலருக்குப் பூட்டே கூடாது. "எல்லா மருந்தும் அலுவலக அறையில்" என்று ஒரே விதி போட்டால் ஒரு பிள்ளையைக் காப்பாற்றி இன்னொரு பிள்ளையைத் தவிக்க விடுவோம். பெற்றோரும் மனம் மாற வேண்டும். "பம்ப் எடுக்கிற பெண் என்று தெரிந்தால் நாளைக்கு யார் கட்டிக்கொள்வார்கள்?" என்று பையில் ஆழத்தில் ஒளித்து அனுப்பும் அம்மாக்கள் இன்றும் இருக்கிறார்கள்.

வலிப்பு வந்தால் சாவிக்கொத்தைத் தேடும் வழக்கம் நமக்கு. இரும்பைக் கையில் திணிப்பதால் வலிப்பு நிற்பதில்லை. பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானே நின்றுவிடும், சாவி வந்து சேரும் நேரமும் அதுவாக இருப்பதால் அந்தப் பெயர் சாவிக்குப் போகிறது. தலைக்கு அடியில் துணி, உடம்பு ஒருக்களித்து, வாயில் எதுவும் வைக்காமல், கடிகாரத்தைப் பார்ப்பது. ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ். அப்படி நீளும் வலிப்புள்ள குழந்தைகளுக்கு மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்ப்ரேயை மருத்துவர் எழுதிக் கொடுப்பதுண்டு. அதை அடிக்க ஊசி குத்தத் தெரிய வேண்டியதில்லை. ஒரு தரம் காட்டிக் கொடுத்தால் எந்த ஆசிரியராலும் முடியும்.

காய்ச்சல் மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. "ஒரு பாராசிட்டமால் தானே" என்று பீரோவிலிருந்து எடுத்துக் கொடுப்பது ஊரெல்லாம் நடக்கிறது. குழந்தைக்கு அது எடையைப் பொறுத்தது, ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். சிரப்பில் ஒன்றுக்கு மற்றது இருமடங்கு வீரியமுள்ள இரண்டு வகைகள் கடையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், பெயரும் ஒன்றுதான். காலையில் அம்மா கொடுத்தனுப்பினாரா என்று கேட்காமல் மறுபடியும் கொடுப்பதே பெரிய பிழை. மருத்துவர் சொல்லாமல் ஆஸ்பிரினை எந்தக் குழந்தைக்கும் கொடுக்கக்கூடாது.

<b>"யார் பதில் சொல்வது?"</b>

ஆசிரியரின் இந்தக் கேள்வி நியாயமானது. அதற்கு இங்கிலாந்து 2014-இல் ஒரு பதில் எழுதியது. நோயுள்ள மாணவரைப் பள்ளியில் பேணுவது பள்ளி நிர்வாகத்தின் சட்டக் கடமை என்று குழந்தைகள் மற்றும் குடும்பங்கள் சட்டத்தின் 100-ஆவது பிரிவு சொல்கிறது. அதையொட்டி வந்த அரசு வழிகாட்டுதலின்படி, தேவைப்படும் குழந்தைக்குத் தனிப் பராமரிப்புத் திட்டம். மருந்து அதன் அசல் பெட்டியில், பெயர்ச் சீட்டோடு இருக்க வேண்டும், ஆனால் இன்சுலின் பென்னிலேயே இருக்கலாம். எந்த ஆசிரியரையும் மருந்து கொடுக்கக் கட்டாயப்படுத்த முடியாது, முன்வருகிறவருக்குப் பயிற்சியும் காப்பீடும் உண்டு. மருந்து கொடுப்பதற்காகப் பெற்றோரைப் பள்ளிக்கு வரச்சொல்லி, அதனால் அவர்கள் வேலையை விட நேர்வது ஏற்கத்தக்கதல்ல என்றும் அந்த வழிகாட்டுதலில் இருக்கிறது. அந்த வரியைப் படித்தபோது அக்காவின் பன்னிரண்டு மணி பஸ் நினைவுக்கு வந்து எனக்குத் தொண்டை அடைத்தது. அதே ஆண்டு அக்டோபர் முதல், அவசரத்துக்கு ஒரு சால்பியூட்டமால் இன்ஹேலரை மருத்துவர் சீட்டு இல்லாமலே பள்ளி வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்றும் அங்கே சட்டம் இடம் கொடுத்தது.

நம்மிடம் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. 2017-இல் சி.பி.எஸ்.இ. தன் பொதுத்தேர்வு எழுதும் நீரிழிவு மாணவர்கள் சர்க்கரை மாத்திரை, பழம், சிற்றுண்டி, தண்ணீர் கொண்டுவர அனுமதித்தது. 2023 மார்ச்சில் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது: வகுப்பிலும் தேர்வறையிலும் இரத்தச் சர்க்கரை பார்க்கவும், இன்சுலின் போடவும், இடையில் சாப்பிடவும் குழந்தையை அனுமதிக்க வேண்டும், சர்க்கரை காட்டும் கருவிகளைக் கழற்றச் சொல்லக்கூடாது, விளையாட்டில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கேரளம் "மிட்டாயி" என்ற பெயரில் இந்தக் குழந்தைகளுக்கு இன்சுலினும் கருவிகளும் கொடுக்கும் திட்டம் நடத்துகிறது. இனிப்புக்கு ஏங்கும் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரை வைத்தவரின் மனம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஆணையத்தின் கடிதம் "அனுமதியுங்கள்" என்கிறது. எட்டு வயதுப் பிள்ளை ஊசியின் அளவைச் சரியாகத் திருகினாளா என்று பக்கத்தில் நின்று பார்ப்பவர் யார் என்பது அனுமதியால் மட்டும் தீராது.

சட்டப் பயத்தைப் பொறுத்தவரை ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 12 வயதுக்குட்பட்ட குழந்தையின் நன்மைக்காக, காப்பாளரின் சம்மதத்தோடு நல்லெண்ணத்தில் செய்த செயலைக் குற்றமாகக் கொள்ளாத பிரிவு நம் தண்டனைச் சட்டத்தில் பிரிட்டிஷார் காலத்திலிருந்தே இருக்கிறது. இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 27-ஆவது பிரிவு. சம்மதம் கேட்க நேரமில்லாத அவசரத்தில் நல்லெண்ணத்தோடு உதவியவருக்கு 30-ஆவது பிரிவு. நிபந்தனைகள் உண்டுதான், கவனக்குறைவுக்கு இவை குடை பிடிக்கா. ஆனால் பெற்றோர் கையெழுத்தும் மருத்துவர் சீட்டும் வைத்துக்கொண்டு, சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுத்த ஆசிரியர் நடுங்க வேண்டியதில்லை. கல்வித் துறை இதைத் தெளிவாக ஒரு சுற்றறிக்கையில் எழுதி, "துறை உங்கள் பக்கம் நிற்கும்" என்று ஒரு வரி சேர்த்தால் பாதித் தலைமை ஆசிரியர்களின் பயம் போய்விடும்.

விடுதிப் பள்ளிகளைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். அங்கே மூன்று வேளையும் பள்ளிதான் வீடு. காப்பாளர் ஒருவர், பிள்ளைகள் நூறு பேர். எச்.ஐ.வி. மருந்தைத் தினமும் எடுக்க வேண்டிய பிள்ளை, அறைத் தோழர்கள் கேட்பார்களே என்று பாட்டிலின் சீட்டைக் கிழித்துவிட்டு வைத்திருக்கும். அந்தப் பிள்ளைக்கு மருந்தோடு மறைவும் வேண்டும். யாருக்குத் தெரிய வேண்டும், யாருக்குத் தெரியக்கூடாது என்பதும் மருந்து கொடுப்பதில் ஒரு பகுதி.

என் அக்கா மகளின் கதை துறை உத்தரவால் மாறவில்லை. ஆறாம் வகுப்பில் அவளுக்கு வந்த அறிவியல் டீச்சரால் மாறியது. அவருடைய அம்மாவும் இன்சுலின் போடுகிறவர். "நான் பார்த்துக்கொள்கிறேன் அக்கா, நீங்கள் பஸ் ஏறி வர வேண்டாம்" என்று முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டார். ஒரு சனிக்கிழமை அக்கா போய் அரை மணி நேரம் காட்டிக் கொடுத்தார். பென்னில் எண்ணை எப்படித் திருகுவது, ஊசியை எந்த டப்பாவில் போடுவது, எந்த எண்ணுக்குக் கீழே போனால் சர்க்கரை கொடுப்பது. எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதினார்கள்: பெயர், மருந்து, அளவு, நேரம், அக்காவின் போன் எண், மருத்துவரின் எண், அடியில் மூன்று கையெழுத்து. தலைமை ஆசிரியை கடைசியாகத்தான் போட்டார், கை நடுங்கியது என்று அக்கா சொன்னார். அந்தத் தாள் இப்போது ஆசிரியர் அறை பீரோக் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறது. டீச்சர் விடுப்பில் போகும் நாளில் பொறுப்பு எடுக்கும் தமிழ் ஐயாவும் அதைப் படித்திருக்கிறார்.

வகுப்பில் பக்கத்தில் உட்காரும் தோழியின் ஜாமெட்ரி பாக்ஸில், காம்பஸுக்கு அடியில், காகிதத்தில் மடித்த சர்க்கரைப் பொட்டலம் இரண்டு இருக்கும். எறும்பு வருகிறது என்று வெள்ளிக்கிழமைதோறும் அவள் அதை மாற்றிவிடுகிறாள்.